எங்கள் ஊரில் எடுத்த பேய்ப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் வெளிவந்து நான்கு மாதமாகிறது. தியேட்டரில் ஐந்து நாள் ஓடியது, அப்புறம் ஓடிடிக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து கல்யாண வீடு, டீக்கடை, ராமநாதபுரம் போகிற பஸ் என்று எங்கே என்னைப் பார்த்தாலும் இதே கேள்விகள்தான். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால், இனிமேல் கேட்கிறவர்களுக்கு இதை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம்.

படத்தின் பெயர் என்ன?

சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடிப் பிடித்துப் பார்க்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. அதில் வேலை பார்த்த பையன்கள் பலருக்கு அது முதல் படம். அவர்கள் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை.

நீ இதில் என்ன வேலை பார்த்தாய்?

இடம் பார்த்துக் கொடுத்தேன். அரியமான் கடற்கரைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். உச்சிப்புளியில் இறங்கி வடக்கே வரவேண்டும். தெரிந்தவர் மூலமாக வந்தார்கள், "பாழடைஞ்ச மாதிரி ஒரு பழைய வீடு வேணும் அண்ணே" என்றார்கள். அத்தை வீட்டைக் காட்டினேன். பாழடையவில்லை, வெள்ளையடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது, அவ்வளவுதான். சித்திரை மாதத்தில் பதினோரு நாள் படப்பிடிப்பு. ஆளுக்கு ஆள் சாப்பாடு சொல்வது, ஆட்டோ பிடிப்பது, ஐஸ் வாங்குவது, ஊர்ப் பெரியவர்களிடம் சமாதானம் பேசுவது எல்லாம் நான்தான். படத்தில் நான்கு விநாடி நானும் வருகிறேன். டீ கிளாஸோடு திரும்பிப் பார்ப்பேன். அதைப் பார்த்துத்தான் என் மச்சான் முதலில் போன் செய்தான்.

கதைதான் என்ன?

சென்னையிலிருந்து நான்கு நண்பர்கள் யூடியூப் வீடியோ எடுக்க காரில் வருகிறார்கள். கடலோரத்தில் ஒரு வீடு. அங்கே போகாதே என்று ஒரு கிழவர் சொல்கிறார். போகிறார்கள். 1964 புயலில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் அந்த வீட்டுக் கிணற்றில் விழுந்து செத்து, இன்னும் அவனுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு ஏன் யூடியூப்காரர்கள் மேல் கோபம் என்பது கடைசி வரைக்கும் விளங்காது.

ரயில் பாம்பன் பாலத்திலிருந்து கடலில் விழுவதாகக் காட்டுகிறார்களே, அப்படித்தான் நடந்ததா?

இல்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிகம் வலித்தது இந்த இடம்தான்.

படத்தில் "1964 நவம்பர்" என்று எழுத்து வருகிறது. புயல் அடித்தது டிசம்பர் 22 நள்ளிரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் பாலத்தை விட்டு வெகுதூரம் போய், தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்குகிற நேரத்தில்தான் அலையில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. அந்தப் புயலில் பாலமும் சேதமானது, அது வேறு விஷயம். ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் பொறுப்பில் 46 நாளில் அதைச் சரிசெய்தார்கள். பிற்பாடு டெல்லி மெட்ரோவுக்குப் பேர் வாங்கியவர் அவர்தான். தனுஷ்கோடி மட்டும் திரும்பி வரவில்லை. மனிதர் வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

பேய்ப்படத்தில் வரலாறு சரியாக இருக்கவேண்டுமா என்று கேட்கலாம். நிஜமான தேதியை எடுத்துப் போடுகிறவன் அதைச் சரியாகப் போடவேண்டும். இல்லையென்றால் "பல வருஷத்துக்கு முன்னால் ஒரு புயல்" என்று விட்டுவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

சரி, பயமாக இருக்குமா?

திடுக்கென்று இருக்கும். பயமாக இருக்காது. இரண்டும் வேறு.

பின்னால் வந்து யாராவது "பே" என்று கத்தினால் உடம்பு துள்ளும். அதற்குக் கதை வேண்டாம், பேய் வேண்டாம். குக்கர் விசில் அடித்தால்கூடத் துள்ளும். இந்தப் படத்தில் அப்படிப் பதினேழு இடம். நான் எண்ணினேன், இரண்டாவது தடவை பார்க்கும்போது எனக்கு வேறு வேலை இல்லை. எல்லாம் ஒரே அச்சு. சத்தம் அடங்கும், கதாநாயகி மெதுவாகத் திரும்புவாள், ஒன்றும் இருக்காது, மூச்சு விடுவாள், அந்த விநாடி "டமார்". நாலாவது தடவை உடம்பு கற்றுக்கொண்டுவிடுகிறது. எட்டாவது தடவை, சத்தம் அடங்கியதும் பக்கத்துச் சீட்டுப் பையன் காதைப் பொத்திக்கொண்டு பாப்கார்ன் சாப்பிட்டான்.

பதினேழில் ஆறு கதவு தட்டல். யாரோ தட்டுவார்கள், திறந்தால் பூனை. திறந்தால் காற்று. திறந்தால் நண்பன், கையில் பிரியாணிப் பொட்டலம். கதவு தட்டலைப் பற்றிக் கீழே திரும்பவும் சொல்கிறேன்.

சின்ன பட்ஜெட் படத்தை இப்படிக் குறை சொல்லலாமா? அவர்களிடம் பணம் இல்லையே?

இதை என்னிடம் அதிகம் கேட்டது சினிமா ஆசை உள்ள பையன்கள். நியாயமான கேள்வி. ஆனால் பதினோரு நாள் பக்கத்திலிருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன், இந்தப் படம் காசில்லாத இடத்தில் கெடவில்லை. காசே தேவைப்படாத இடங்களில் கெட்டது.

சத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் பாக் நீரிணை. குளம் மாதிரிக் கிடக்கும். இதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். ராத்திரியில் எங்கள் கரையில் நின்றால் அலைச் சத்தமே கேட்காது. தண்ணீர் கல்லில் நக்குகிற மாதிரி 'சளக்' என்று எப்போதாவது ஒரு சத்தம். அப்புறம் பனையோலை உரசுவது. நிறுத்திய வத்தையில், அதாவது நாட்டுப்படகில், கயிறு இழுபடுகிற முனகல். வெளியூர் ஆள் யாராக இருந்தாலும் பத்து நிமிஷத்தில் "என்னங்க இவ்வளவு அமைதியா இருக்கு" என்று குரலைத் தணித்துக்கொண்டு கேட்பார். லைட்மேன் ஒருவர் மூன்றாம் நாளே ராத்திரியில் தனியாகக் கரைப்பக்கம் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

படத்தில் என்ன கேட்கிறது? பாறையில் மோதும் பேரலை, கூடவே ஏதோ குளிர்நாட்டுக் கடற்பறவைகள் கத்துகிற சத்தம். சென்னையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். திரையில் கடல் தட்டையாகக் கிடக்கிறது, ஸ்பீக்கரில் சுனாமி.

எங்கள் ஊர் அமைதியை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதிவு செய்ய என்ன செலவாகும்? ஒரு மைக், ஒரு ஆள், ஒரு கிளாஸ் வரக்காப்பி. புகைப் பேய்க்கு கிராபிக்ஸ் செய்யப் போன பணத்தில் அந்த ஆளுக்கு ஆறு மாசம் பேட்டா கொடுத்திருக்கலாம். அந்தப் பேயும் கடைசியில் கொசுமருந்து அடித்த மாதிரித்தான் வந்திருக்கிறது.

ஏன் எல்லா வசனமும் டப்பிங்? உதடு ஒட்டவே இல்லையே.

உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது. நல்ல சீன் நடக்கும்போதுதான் ஹெலிகாப்டர் போகும். அதனால் டப்பிங் என்பதில் தப்பில்லை. ஆனால் கதாநாயகனுக்குக் குரல் கொடுத்தவர் முழுப் படத்தையும் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசிவிட்டார்.

ட்ரோன் ஷாட் இல்லாததற்கும் இதே காரணம். விமானத்தளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியார் ட்ரோன் பறக்கவிட முடியாது. முதல் நாளே சொன்னேன். பெட்டியில் கொண்டுவந்த ட்ரோனைப் பெட்டியிலேயே திருப்பிக் கொண்டுபோனார்கள்.

இரவுக் காட்சி எல்லாம் ஏன் நீலமாக இருக்கிறது?

பகலில் எடுத்தது. டே ஃபார் நைட் என்பார்கள், பழைய உத்தி. வெளிச்சத்தைக் குறைத்து நீலத்தை ஏற்றினால் நிலாவெளிச்சம் மாதிரித் தெரியும். கவனமாகச் செய்தால் நன்றாகவே வரும். வானம் தெரியக்கூடாது, சூரியன் ஆளுக்குப் பின்னால் இருக்கவேண்டும், நிழல் நீளமாக விழவேண்டும். இவர்கள் சித்திரை வெயிலில் மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு எடுத்தார்கள். 'நள்ளிரவில்' கதாநாயகி ஓடும்போது அவள் நிழல் காலடியிலேயே குட்டையாக ஒட்டிக்கொண்டு கூடவே ஓடுகிறது. ஓரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆடு நிழல் தேடிச் சுவரோரம் ஒண்டி நிற்கிறது. நடுராத்திரியில் எந்த ஆடு நிழல் தேடும்?

படகுக் காட்சியைப் பார்த்து ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள்?

கரையோரத்துக்காரர்கள் மட்டும்தான் சிரிப்பார்கள். படத்தில் சித்திரைத் திருவிழா நடக்கிறது. அன்று இரவு விசைப்படகு கடலுக்குப் போகிறது, அதில் பேய் ஏறுகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முதல் நாள் தவிர சித்திரை மாதம் முழுக்க அதற்குள் அடக்கம். நாட்டுப்படகு போகலாம், விசைப்படகு போகாது. மண்டபம் வடக்கில் கட்டிக்கிடந்த ஒரு படகைத்தான் வாடகைக்கு எடுத்தார்கள். 'நடுக்கடலில்' பின்பக்கக் கயிறு விறைத்து நிற்பது ஃபிரேமில் அப்படியே தெரிகிறது. பேய் கஷ்டப்பட்டு ஏறவே வேண்டாம், கரையிலிருந்து பலகை வழியாக நடந்து வந்திருக்கலாம்.

அந்த மாந்திரீகர் வருகிற பகுதி?

கேரளாவிலிருந்து ஒருவர் வருகிறார், கருப்பு வேட்டி, மண்டை ஓடு, எலுமிச்சம்பழம். இதுவரைக்கும் நூறு படத்தில் பார்த்த ஆள். எங்கள் ஜில்லாவில் ஒருவருக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று தோன்றினால் என்ன செய்வார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முதலில் ஊர் முனியய்யாவிடம் திருநீறு. கேட்கவில்லையென்றால் ஏர்வாடி தர்கா. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஓரியூர் போய்வரச் சொல்லியிருப்பார். அங்கே 1693இல் பாதிரியார் அருளானந்தர் கொல்லப்பட்ட இடத்துச் சிவப்பு மண்ணை எடுத்துவந்து நெற்றியில் பூசுவார்கள். மூன்று மதத்துக்கும் ஒரே நோயாளி, ஒரே மஞ்சள் பை. அந்த அம்மா மூன்று பஸ் மாறி அலைவதை எடுத்திருந்தாலே ஒரு படம் ஆகியிருக்கும்.

கோபம் வந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தர்கா மாதிரி ஓர் இடத்தில் சங்கிலியில் கட்டிய ஒருவரைக் காட்டி, அவரை வைத்துக் காமெடி பண்ணியிருக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதையே தடை செய்திருக்கிறது. இந்த ஜில்லாவில் வந்து, இந்த ஜில்லாச் சோறு தின்றுகொண்டு, அந்தக் காட்சியை எடுத்தார்கள். எடுக்கிற அன்றைக்கு நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று கேட்டால், தெரியவில்லை. ஐஸ் வாங்கப் போயிருப்பேன்.

நல்லதாக ஒன்றுகூட இல்லையா?

ஒன்று இருக்கிறது. கதாநாயகி சாயங்காலம் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற காட்சி. முக்கால் நிமிஷம் இருக்கும். வாளி உள்ளே போகிறது, கப்பி கிறீச்சிடுகிறது. வாளி தண்ணீரைத் தொடுகிற சத்தம் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் கயிறு விடுகிறாள். இன்னும் கொஞ்சம். கயிறு தீர்ந்துபோகிறது. எட்டிப் பார்க்காமல் நிற்கிறாள். அவ்வளவுதான், அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. எனக்கு முதுகு சில்லிட்டது. அந்தப் பெண் கண்ணாலேயே நடித்திருக்கிறது, முன்னுக்கு வரட்டும்.

அந்தக் காட்சியில் பின்னணி இசை இல்லை. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று பாராட்டலாம் என்று உதவி இயக்குநர் ஒருவருக்குப் போன் செய்தேன். ரீ-ரெக்கார்டிங் முடிக்க நேரமில்லாமல் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டார்களாம்.

அந்த வீட்டில் நிஜமாகவே யாராவது செத்தார்களா?

இல்லை. அங்கே ஆட்கள் பிழைத்தார்கள்.

பத்தாம் நாள் ராத்திரி ஜெனரேட்டர் நின்றுவிட்டது. டீசல் வாங்க ஆள் உச்சிப்புளிக்குப் போயிருந்தான். யூனிட்டில் பாதிப் பேர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு எல்லோருக்கும் வரக்காப்பி கொடுத்தார். இந்த வீட்டில் ஏதாவது நடந்திருக்கிறதா அம்மா என்று உதவி இயக்குநர் பெண் சும்மா பேச்சுக்குக் கேட்டது.

அத்தைக்குப் புயலன்று ஒன்பது வயது. என் அப்பாவுக்கு ஒன்றரை. ஊரில் மற்றதெல்லாம் ஓலைக்குடிசை, தாத்தா கருவாட்டு வியாபாரத்தில் கட்டிய இந்தப் பவளக்கல் வீடு ஒன்றுதான் கல் வீடு. பொழுது சாய்ந்ததிலிருந்தே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். இருபது முப்பது பேர், ஆடுகள், ஒரு கன்றுக்குட்டி, எல்லாம் உள்ளே. தாத்தா கதவைச் சாத்தி, உலக்கையை முட்டுக் கொடுத்து, முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டார். நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் கதவு தட்டுகிற சத்தம். காற்றாக இருக்கும் என்றார்கள். இல்லை, ஆள் தட்டுகிறது என்றார் தாத்தா. நான்கு பேர் சேர்ந்து திறந்தார்கள். மூன்று பேர் விழுந்தடித்து உள்ளே வந்தார்கள், கூடவே முழங்கால் தண்ணீரும் வந்தது. மறுபடி கதவைச் சாத்த அத்தனை பேரும் சேர்ந்து தள்ளவேண்டியிருந்தது.

"அதுக்கப்புறம் இன்னொரு தடவை தட்டுச்சு" என்றார் அத்தை.

யாரும் பேசவில்லை. தாத்தா எழுந்திரிக்கவில்லையாம். திறந்தால் இத்தனை பிள்ளைகளும் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தட்டல் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் நின்றது. காலையில் வெளியே யாரும் இல்லை. சவுக்கு மரம் ஒன்று சாய்ந்து கதவில் உரசிக்கொண்டு கிடந்தது.

"மரந்தான்னு அப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. மரம் எதுக்கு நின்னு நின்னு தட்டும்?"

காப்பி கிளாஸ்கள் அப்படியே ஆறிக்கொண்டிருந்தன. அந்த உதவி இயக்குநர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டது. கேமராமேன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ கோணம் யோசித்தாரோ என்னவோ. இயக்குநர் கன்றுக்குட்டி வரைக்கும்தான் கேட்டார், அதற்குள் போன் வந்து எழுந்து போய்விட்டார். டீசல் வந்ததும் லைட் போட்டு, பூனை வருகிற கதவு தட்டல் காட்சியை எடுத்தார்கள். அதே கதவில். பூனைக்கு நான்கு டேக் ஆயிற்று.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

யு/ஏ 16+ சான்றிதழ். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், சத்தம் ஜாஸ்தி. பெரிய பிள்ளைகள் அவர்களாகவே பாதியில் போனை எடுத்துக்கொள்வார்கள்.

அத்தைக்கு வாடகை வந்ததா?

அட்வான்ஸ் வந்தது. மீதி "படம் ரிலீஸ் ஆனதும்" என்றார்கள். ஆயிற்று. இப்போது போன் எடுப்பதில்லை. அது போகட்டும். சுவரில் ரத்தக் கை வேண்டும் என்று சிவப்பு எனாமல் பெயிண்டில் வரிசையாகக் கை பதித்தார்கள், தண்ணீரில் கழுவினால் போய்விடும் என்று சொல்லி. போகவில்லை. பவளக்கல் பஞ்சு மாதிரி உறிஞ்சிவிடும். இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, மழை பெய்தால் ரோஸ் நிறத்தில் விரல்கள் மறுபடி தெரிகின்றன. கல்லைச் சுரண்டாமல் எடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாற்றுக் கல் வைக்க முடியாது, பவளப்பாறை எடுப்பதற்குத் தடை இருக்கிறது.

அத்தை படம் பார்த்தாரா? என்ன சொன்னார்?

என் போனில் பார்த்தார். பாதியில் தூங்கிவிட்டார். முழித்ததும் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் புள்ள ஏன் கெணத்தடியில செருப்போட நிக்குது?"

வீட்டைச் சுற்றிப் பார்க்க வரலாமா?

பகலில் வாருங்கள். அத்தை இருப்பார், காப்பி கொடுப்பார், கேட்டால் கதையும் சொல்வார். ராத்திரியில் வராதீர்கள். படம் வந்தபிறகு போனில் டார்ச் அடித்துக்கொண்டு பையன்கள் வருகிறார்கள். கதவைத் தட்டிவிட்டு ஓடி, சவுக்குத் தோப்புக்குள் நின்று சிரிக்கிறார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி வலி. ஆனால் கதவு தட்டினால் அவரால் படுத்திருக்க முடியாது. எந்நேரமானாலும் எழுந்து வந்து திறந்துவிடுவார். திறந்து, யாரும் இல்லையென்றால், தெரு வரைக்கும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். போன வாரம் ஒரே ராத்திரியில் மூன்று தடவை. வாசலில் நின்று "அத்தை" என்று கூப்பிடுங்கள், காது நன்றாகக் கேட்கும். கதவை மட்டும் தட்டாதீர்கள்.